ஞாயிற்றுக்கிழமைக் குரல்

போரில் காணாமல் போனவரைத் தேடித் தரும்படி நிவாரண நிறுவனத்திடம் விண்ணப்பிப்பதற்கு விதி இருக்கிறது. விண்ணப்பிப்பவர் நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். நண்பர், அயலவர், ஒரே வீட்டில் குடியிருந்தவர் எல்லாம் செல்லாது. கடைசியாகத் தொடர்பு கிடைத்தது எப்போது என்ற கேள்விக்கு, விண்ணப்பதாரர் தானே கண்டதையோ காதால் கேட்டதையோ மட்டும் எழுத வேண்டும். நல்ல விதி. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். காதால் கேட்டதே வேறொருவர் செய்த வேலையாக இருக்கலாம் என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. அவனை அவர்களுக்குத் தெரியாது.

நான் டென்மார்க்கின் வடக்கே ஒரு நகரசபையின் வேலைவாய்ப்புப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கடிதத்தை எந்தக் கந்தோருக்கு அனுப்ப வேண்டும், பதில் வராவிட்டால் யாரிடம் முறையிட வேண்டும், முறைப்பாட்டுக்கும் பதில் வராவிட்டால் எந்த மாடியில் எந்தக் கதவுக்கு முன்னால் போய் இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என் மனைவி இதை ஒரு வருத்தம், மருந்தில்லாத நோய் என்பார். ஊர்ச்சனம் இதை உதவி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும்.

அவன் முதலில் வந்தது வீட்டுக்கல்ல, என் மேசைக்கு. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். மெலிந்த உடம்பு. முகத்தில் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த நாள் வீதியில் கண்டால் அடையாளம் தெரியாது. தொழில் என்ன என்று கேட்டேன்.

"நடிகர்."

கணினியில் அந்தத் தொழிலுக்குக் குறியீடு இருந்தது. வேலைதான் இருக்கவில்லை. கிடைக்கும் வேலையை ஏற்றுக்கொள்ளாவிட்டால் உதவிப்பணம் நிற்கும் என்று விளங்கப்படுத்தினேன். சந்தோசமாகத் தலையாட்டினான். மீன் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். நேர்முகம் முடிந்ததும் அந்த மேற்பார்வையாளர் எனக்குத் தொலைபேசி எடுத்து, இப்படி ஒரு ஆளை இவ்வளவு காலமும் எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். முதியோர் இல்லத்துக்கு அனுப்பினேன். அங்கே தாதி ஒருத்தி, அவன் தன் தகப்பனைப் படுக்கையில் வைத்துப் பார்த்த கதையைக் கேட்டுக் கண் கலங்கியதாகச் சொன்னாள். அவனுடைய தகப்பன் ஊரில் சைக்கிள் மிதித்துக்கொண்டு திடகாத்திரமாக இருந்தார். பஸ் கம்பெனியில், பஸ் வந்துபோகிற நேரசூசியைப் படித்தால்தான் தனக்கு நித்திரை வரும் என்று சொல்லியிருக்கிறான். எல்லா இடத்திலும் அவனை எடுத்தார்கள். எந்த இடத்துக்கும் மூன்றாம் நாள் அவன் போகவில்லை.

"வேலை தந்திட்டாங்கள் தானே. ஏன் போகேல்லை?"

"பேட்டிக்குப் போன ஆள் போகட்டும் அண்ணை. அந்த ஆளுக்குத்தானே குடுத்தவங்கள்."

எந்தக் கேள்வி கேட்டாலும் அவன் பெரும்பாலும் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஆர் கேக்கினம்?" சாப்பிட்டாயா என்றாலும் அதுதான். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவனுக்குப் பதில் வரும். ஆரம்பத்தில் இதைக் குறும்பு என்று நினைத்துச் சிரித்தேன். பதில் கேட்பவருக்கு ஏற்றபடி மாறும் என்பதில் அவனுக்கு வெட்கமும் இல்லை, கள்ளமும் இல்லை. ஒருமுறை மட்டும், "கேக்கிறவை இல்லாட்டி நான் என்னத்தை அண்ணை கதைக்கிறது?" என்றான். அப்போது அவன் பகிடி விடவில்லை.

நான் இருந்த ஓல்போர்க் நகரிலேயே, தண்டவாளத்துக்குப் பக்கத்து மாடிவீடு ஒன்றில் ரமணன் என்ற இன்னொரு இளம் நடிகனோடு இருந்தான். ரமணன் இந்த நாட்டில் வளர்ந்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், ஆனால் ரகரம் மட்டும் இங்கே படித்த பிள்ளைகளுக்கு வருவது போலத் தொண்டைக்குள்ளே உருளும். தாய் ஸ்கீவ என்ற இன்னொரு ஊரில், முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தார். கணவனை இழந்தவர், ஒரே பிள்ளை.

அந்த வீட்டுக்கு நான் போனபோது குசினித் தொட்டியில் கிடந்த பாத்திரங்கள் யாருடைய முறை என்று இருவரும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்குள் இருந்ததை நான் விவரிக்கப்போவதில்லை. சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டிய தரத்தில் இருந்தது. ரமணனுக்கு டெனிஷ் தொலைக்காட்சியில் அவ்வப்போது சிறு வேடம் கிடைக்கும். ஒருமுறை பிணமாகக்கூட நடித்தான். இவனுக்குக் கிடைத்ததெல்லாம் பெட்டிக்கடைக்காரன் வேடம். வேண்டாம் என்றான்.

"கடையில நிண்டு சம்பளத்துக்கு யாவாரம் செய்யச் சொல்லுங்கோ, செய்வன். கடைக்காரனா நடிக்க மாட்டன்."

"அவன் ராசாப்பாட்டுக்குத்தான் கால் எடுத்து வைப்பானாம்" என்றான் ரமணன். "நான் செத்தே நடிச்சிட்டன். இவருக்குச் சிகரெட் விக்கக் கஷ்டம்."

"செத்த நடிப்பில நீ மூச்சு விட்டனி. நான் பாத்தனான்."

வேலையில்லாத இரண்டு இளம் நடிகர்களைப் பற்றிய பழைய ஆங்கில நகைச்சுவைப் படம் ஒன்று அவர்களிடம் ஒளிநாடாவில் இருந்தது. ஓடி ஓடித் தேய்ந்து, படம் முழுக்க மழை பெய்தது. உண்மையாகவே மழை பெய்கிற காட்சிகளும் உண்டு, வித்தியாசம் தெரியாது. ரமணன் விழுந்து விழுந்து சிரிப்பான். இவன் சிரிக்க மாட்டான். சொண்டு மட்டும் வசனத்தோடு வசனமாக அசைந்துகொண்டிருக்கும். படத்தில் ஒருவனுக்கு வேடம் கிடைக்கிறது, மற்றவன் விடப்படுகிறான். தங்களில் எவன் அந்த ஒருவன் என்று இரண்டு பேரும் பந்தயம் கட்டியிருந்தார்கள்.

ரமணன் வென்றான். ஊரில் போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். ஊர்ப்பாதை திறந்திருந்தது. வன்னியில் படம் எடுக்கிறார்கள், கதாநாயகன் வேடம் என்று செய்தி வந்தது. வெளிக்கிட்டுவிட்டான். போகும்போது தன் குளிர்காலச் சட்டையை இவனுக்குக் கொடுத்தான், அங்கே இது எதற்கு என்று. படம் முடிந்ததா என்று எனக்குத் தெரியாது. போர் திரும்பிப் பாதை மறுபடி பூட்டுப்பட்டபோது ரமணன் உள்ளே இருந்தான். எப்போதாவது சற்றலைட் போனில் தாயுடன் இரண்டு வசனம் பேசுவான்.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதத்தோடு அதுவும் நின்றது.

அந்த நாட்களை இங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிறந்தநாள் மண்டபங்களையெல்லாம் எங்கள் ஆட்கள் வேண்டாம் என்று சொன்னார்கள். கோபன்ஹேகனுக்கு ஊர்வலத்துக்கு பஸ்கள் போயின. பிறந்தநாள் வீடுகளில் பகிடி நாடகம் போட்டுக் கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டிருந்த அவனுக்கு அதுவும் இல்லாமல் போயிற்று. ரமணனின் சட்டையைப் போட்டுக்கொண்டு வீதியில் திரிந்தான். அதுவரை மழுமழு என்று வழிக்கிற முகத்தில் ரமணனைப் போல ஒரு மெல்லிய மீசை வந்திருந்தது. நான் கவனித்தேன். அப்போது பெரிதாக எடுக்கவில்லை.

பங்குனியில் ஒருநாள், ஸ்கீவவில் ரமணனின் தாய்க்குக் கீழ்வீட்டில் இருந்த பெண்ணைப் பார்க்கப் போனேன். அவளுடைய தங்கை இரண்டு பிள்ளைகளோடு வன்னியில் இருந்தாள், செய்தி இல்லை. தேடுதல் விண்ணப்பம் முழுவதையும் நான் நிரப்பி வைத்திருந்தேன். கையெழுத்துத்தான் பாக்கி. அவள் முகம் வழமைக்கு மாறாகத் தெளிந்திருந்தது.

"இனித் தேவையில்லை அண்ணை. மேல்வீட்டு அன்ரியின்ர மகன் கண்டவராம். தங்கச்சியும் பிள்ளையளும் நல்லா இருக்கினமாம்."

"ரமணன் கதைச்சவனோ? எப்ப?"

"ஞாயிறு ஞாயிறா எடுக்கிறவர். அன்ரி மத்தியானம் வேலையால வந்து கோட்டுக் கழட்ட, மணியடிக்கும். நாங்கள் கேக்கச் சொன்னனாங்கள், கேட்டுச் சொன்னவர்."

படியில் இறங்கும்போதே கணக்குப் பார்த்தேன். குண்டு, செல்லடிக்குள் இருந்து வருகிற அழைப்புக்கு நேரசூசி கிடையாது. ஒரு தாய் வேலை முடிந்து கோட்டுக் கழட்டுகிற நேரம் வன்னியில் யாருக்கும் தெரியாது. ஓல்போர்க்கில் ஒருவனுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மாடிவீட்டுக்குப் போனேன். கதவு பூட்டியிருக்கவில்லை. குசினியில் அடுப்புக்கு மேலே உள்ள புகை இழுக்கும் விசிறி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதற்குக் கீழே எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரமணனின் சட்டையோடு, தொலைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி நின்றான். பேசியது ரமணன். நான் இதை ஒரு உவமையாகச் சொல்லவில்லை. அந்தத் தொண்டை ரகரம், வசனத்தின் நடுவில் மூச்சு வாங்குகிற இடம், தாயை ஏய்க்கிற அந்தச் சின்னச் சிரிப்பு, எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு கணம் நான் சந்தோசப்பட்டேன் என்பதையும் எழுத வேண்டும். ரமணன் வந்துவிட்டான் என்று என் மண்டை நம்பியது.

வைத்துவிட்டுத் திரும்பினான். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. விசிறியை நிற்பாட்டினான்.

"அன்ரி சாப்பிடாமக் கிடந்தவா அண்ணை. வேலைக்கும் போகேல்லை. ஒருக்காத்தான் எடுக்க நினைச்சனான்."

"கீழ்வீட்டுப் பிள்ளையின்ர தங்கச்சியை நீ எங்கை கண்டனீ?"

விசிறியின் சுவிட்சில் வைத்த விரலை எடுக்காமல் நின்றான்.

"எங்கையடா கண்டனீ?"

"அம்மா கேட்டவா" என்றான். "தெரியாதெண்டு ரமணன் சொல்ல மாட்டான்."

அன்ரி என்று சொல்லவில்லை. அம்மா என்றான்.

அந்தப் பெண் விண்ணப்பத்தில் கையெழுத்து வைக்கவில்லை. ஒவ்வொரு கிழமையும் அங்கே ஆயிரம் பேர் இடம் மாறுகிறார்கள். பிந்தினால் தேடுகிற ஆளின் தடமே இல்லாமல் போகும். ரமணனையும் யாரும் தேடவில்லை, தேடக் கூடியவர் தாய் ஒருவர்தான், அவரோ மகன் கிழமைக்கு ஒருமுறை பேசுகிறான் என்று நிம்மதியாக இருக்கிறார். இதையெல்லாம் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். ஒழுங்காகச் சொல்வது என் தொழில். கடைசி வரை கேட்டுவிட்டுச் சொன்னான்:

"நான் நிப்பாட்டினா அவன் செத்துப்போவான் அண்ணை."

அதற்கு என்னிடம் விதி இருக்கவில்லை.

தாயிடமோ கீழ்வீட்டுப் பெண்ணிடமோ நானே போய்ச் சொல்லத் துணிவு வராமல், அவனே சொல்லட்டும் என்று தள்ளிப்போட்டேன்; சித்திரை முழுக்க அவனைப் பிடிக்க முடியவில்லை. கதவு திறக்க மாட்டான். தொலைபேசியில் நான் பெயர் சொன்னதும், மறுமுனையில் ஒரு டெனிஷ் கிழவர் பிழையான இலக்கம் என்று எரிந்து விழுவார். அந்தக் கிழவர் யார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தேன். அவ்வளவு திறமை.

வைகாசியில் போர் முடிந்தது. முடிந்து சில நாட்களில் ரமணனின் தாய் ரெயில் எடுத்து ஓல்போர்க்குக்கு, என் வீட்டுக்கு வந்தார். கறுப்புக் குடை, நல்ல சேலை, அலுவலகத்துக்கு வருகிறவர் போல. கதிரையின் நுனியில் இருந்தார்.

"அண்ணை, தேடுறதுக்கு ஒரு பத்திரம் இருக்காம். அதில நான் சைன் வைக்க வேணும்."

"ஆர் சொன்னது?"

"அவன்தான். கடைசி ஞாயிறு எடுத்தவன். 'அம்மா, நாங்கள் ஆமி நிக்கிற மற்றப் பக்கம் போறம், இனிப் போன் இராது, என்னைத் தேடுங்கோ' எண்டு சொன்னவன்."

மேடையை விட்டு இறங்க அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். அழகான வழி. பாத்திரத்தையும் சாகவிடவில்லை, தாயையும் கையெழுத்து வைக்கப் பண்ணிவிட்டான். இதைவிட நல்ல வசனத்தை எழுத ஒருவராலும் முடியாது. அவர் எழுத ஆரம்பித்தார். பெயர், பிறந்த திகதி, அடையாளங்கள். கடைசித் தொடர்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் தயங்காமல் அந்த வைகாசி ஞாயிற்றுக்கிழமையை எழுதினார். இடம்: வன்னி. எப்படி: குரல் கேட்டேன்.

இந்தத் தாளோடு யாராவது தேடப் போனால், வைகாசியில் உயிரோடு அந்தப் பக்கம் போன ஒருவனை முகாம் முகாமாகத் தேடுவார்கள். அப்படி ஒருவன் இல்லை. தை மாதத்தில் காணாமல் போன ரமணனை ஒருவரும் தேட மாட்டார்கள். நான் பத்திரத்தை வாங்கி மேசையில் வைத்தேன். ஒரு விபரம் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அவரை அனுப்பினேன். பிறகு நேரே மாடிவீட்டுக்குப் போய், கதவைத் திறக்கும் வரை தட்டினேன்.

"நீயே போய்ச் சொல்லு. நான் கூட வாறன்."

"என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்து, யார் கேட்கிறார்கள் என்று கேட்காமல் அவன் கேட்ட முதல் கேள்வி.

ஸ்கீவவுக்குக் காரில் போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தான். அழுது சொல்லிப் பார்த்தான். அழாமல் சொல்லிப் பார்த்தான். மன்னிப்பில் தொடங்கி ஒருமுறை, ரமணனில் தொடங்கி ஒருமுறை. எல்லாம் நன்றாக இருந்தன. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

தாய் எங்களைக் கண்டதும் சந்தோசப்பட்டார். மகனின் கூட்டாளி, எத்தனையோ தரம் அந்த வீட்டில் சாப்பிட்டவன். "இருங்கோ, தோசை சுடுறன்" என்று குசினிக்குள் போனார். அது சின்னக் குசினி. நான் மேசையோரம் இருந்தேன். அவன் கதவுநிலையில் சாய்ந்து நின்றான். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கல்லை வைத்து, அடுப்புக்கு மேலிருந்த விசிறியைப் போட்டார். அது இரைந்தது.

அவன் வாயைத் திறந்தான்.

"அம்மா, ஒரு விசயம்."

தொண்டை ரகரம். அவனுடைய குரல் அல்ல. அவன் வேண்டுமென்று செய்தான் என்று நான் நினைக்கவில்லை; அவன் முகத்தைப் பார்த்தேன், அதில் பயம்தான் இருந்தது. தன் குரலைத் தேடிப் போய், கைக்குக் கிடைத்ததை எடுத்துவிட்டான்.

"ஓம் ராசா, சொல்லு" என்றார் தாய், திரும்பாமல்.

சொன்ன பிறகுதான் அவருடைய கை நின்றது. தோசைக் கரண்டி கல்லுக்கு மேலே அப்படியே நின்றது. மா கருகுகிற மணம் வந்தது. அவர் கை நீட்டி விசிறியை நிற்பாட்டினார். அடுப்பை நூர்த்தார். திரும்பி அவனைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். நான் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அடிப்பார் என்றும் எதிர்பார்த்தேன்.

"எப்பயிருந்து?"

அவனால் எந்தக் குரலிலும் பேச முடியவில்லை. நான்தான் சொன்னேன்: மாசியில் இருந்து.

"அப்ப தையில கதைச்சது?"

"அது ரமணன்தான் அக்கா."

அவர் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார், எண்ணுகிறவர் போல.

"தைப்பொங்கலுக்கு அடுத்த நாள்" என்றார். "பொங்கினியளோ எண்டு கேட்டவன். அந்தத் திகதியை மாத்தி எழுதுங்கோ அண்ணை."

நான் விண்ணப்பத்தை எடுத்து வைத்தேன். அவரே பழையதை வெட்டி, புதியதை எழுதி, பக்கத்தில் கையொப்பம் வைத்தார். திருத்தத்துக்குப் பக்கத்தில் கையொப்பம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

"கீழ்வீட்டுப் பிள்ளைக்கு நான் போய்ச் சொல்லுறன். நீங்கள் ரண்டு பேரும் வர வேண்டாம்." எழும்பிக் கதவுவரை போனவர் நின்றார். அவனைப் பார்க்காமல் சொன்னார்: "தம்பி, பதில் வரும்வரைக்கும் நீங்கள் இஞ்சை எடுக்க வேண்டாம்."

படியில் அவர் இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு பெண் கத்துகிற சத்தமும் கேட்டது. அவன் கல்லில் கருகிக் கிடந்த தோசையைச் சுரண்டி எடுத்து, தொட்டியில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி வைத்தான்.

கீழ்வீட்டுப் பெண்ணின் விண்ணப்பமும் அந்தக் கிழமையே போயிற்று. அந்தத் தங்கையும் ஒரு பிள்ளையும் பிறகு ஒரு முகாமில் இருந்து எழுதினார்கள். ஒரு பிள்ளை மட்டும்.

அவன் கோபன்ஹேகன் பக்கம், அல்பர்ட்ஸ்லுண்டுக்குப் போய்விட்டான். மீசையை எடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். எனக்கு இடைக்கிடை தொலைபேசி எடுப்பான். பதில் வந்ததோ என்று கேட்பான், இல்லை என்றதும் வைப்பான். அந்த நிறுவனத்துக்கு நான் நினைவூட்டல் எழுதிக்கொண்டிருந்தேன். நினைவூட்டல் கிடைத்தது என்று அவர்கள் ஒழுங்காக அறிவித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் ஒருநாள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவனைக் கண்டேன். பெட்டிக்கடைக்காரன். மிச்சக் காசைக் கொடுத்து, "நன்றி, வணக்கம்" என்று டெனிஷில் ஒரு வசனம். எவருடையது என்று சொல்ல முடியாத ஒரு குரல். மனைவி நன்றாக இல்லை என்றார். எனக்கு அது அவனுடைய சொந்தக் குரலாக இருக்குமோ என்று தோன்றியது.

பிறகு தாய் என்னைக் கூப்பிட்டார். கடிதம் உடைக்காமல் மேசையில் இருந்தது. நான் வாசித்தேன், டெனிஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. முகாம்கள், வைத்தியசாலைகள், தடுப்பு இடங்கள் எதிலும் அந்தப் பெயரில், அந்த அடையாளங்களில் எவரும் இல்லை. மேலதிக தகவல் கிடைக்காவிட்டால் விண்ணப்பக் கோவை மூடப்படும். நான் இரண்டாவது முறை வாசிக்கும்போதும் அவர் தலையாட்டினார். தொலைபேசியை எடுத்துத் தரச் சொன்னார். இலக்கம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது.

"தம்பி, பதில் வந்திருக்கு" என்றார். என்ன பதில் என்று அவர் சொல்லவில்லை. ஒரு கையால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை எடுங்கோ" என்றார். "உங்கட குரலில கதையுங்கோ."

அது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு, மார்ச் மாதம் பதினான்காம் திகதி, திங்கட்கிழமை.